பூச்சிகளின் நேரசூசி

சூரியன் மறைந்தால் மஃரிப். மேல்வானத்துச் செந்நிறம் மறைந்தால் இஷா. கீழ்வானில் வெண்மை பரவினால் சுபஹ். சூரியன் உச்சி சாய்ந்தால் லுஹர். நிழல் நீண்டால் அஸர். முஸ்லிம்களாகிய எமது நாள் ஒளியைக் கொண்டே பகுக்கப்பட்டிருக்கிறது. சுவர்க் கடிகாரமும் அச்சிட்ட தொழுகை நேர அட்டவணையும் பிற்காலத்தில் வந்தவை. அவை இல்லாத காலத்தில் முஅத்தின் வானத்தைப் பார்த்தே பாங்கு சொன்னார்.

வானத்தைக் கொண்டு வேளையை அறியும் படைப்புக்கள் நாம் மட்டுமல்ல. எமது வளவிலே பறக்கும் மின்மினி, சமையலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்துப்பூச்சி, மாலையில் காதருகே ரீங்காரமிடும் நுளம்பு, மழைக்குப் பின் விளக்கைச் சூழும் ஈசல் ஆகிய யாவும் ஒளியைப் பார்த்தே தமது அலுவல்களுக்குப் புறப்படுகின்றன. அவற்றின் அலுவல்களில் மிக முக்கியமானது, தமது இனம் அழியாதிருக்கத் துணையைத் தேடிக்கொள்வதாகும்.

வல்ல நாயன் உயிர்களை ஜோடிகளாகப் படைத்தான். படைத்ததோடு விட்டுவிடவில்லை, அந்த ஜோடிகள் ஒன்றையொன்று கண்டுகொள்வதற்கான வழியையும், அதற்குரிய வேளையையும் வகுத்துக் கொடுத்தான். அந்த வேளையைப் பற்றியே இம்மாதம் சிந்திப்போம்.

ஏன் ஒரு குறித்த வேளை?

ஒரு பெரிய அந்துப்பூச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள். புழுவாக இருந்தபோது இலைகளைத் தின்று கொழுத்தது. பின்னர் கூடு கட்டி உறங்கியது. இப்போது இறக்கையோடு வெளியே வந்திருக்கிறது. பட்டுப்பூச்சிக் குடும்பத்தைச் சேர்ந்த பல பெரிய அந்துக்களுக்கு, இறக்கை முளைத்த பின் உண்பதற்குப் பயன்படும் வாயே இல்லை. உடலில் சேமித்த கொழுப்பைக் கொண்டு ஒரு சில நாட்கள் மாத்திரமே அவை உயிர் வாழும். அந்தச் சில நாட்களுக்குள், பரந்த காட்டில் எங்கோ இருக்கும் துணையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆண் நள்ளிரவில் தேட, பெண் நண்பகலில் காத்திருந்தால் என்ன நடக்கும்? இரண்டும் ஒரே மரத்தில் இருந்தாலும் சந்திக்காமலே மடிந்து போகும். நேரம் முழுவதும் தேடிக்கொண்டே இருக்கவும் முடியாது. சக்தி தீர்ந்துவிடும், பறவையும் பல்லியும் வௌவாலும் பிடித்துத் தின்றுவிடும். ஆகவே ஓர் இனத்தின் எல்லா ஆண்களும் எல்லாப் பெண்களும் ஒரே வேளையில் புறப்பட வேண்டும். எம் பாஷையில் சொல்வதானால், எல்லோருக்கும் ஒரே நேரசூசி வேண்டும்.

ஒரே வீட்டுக்கு வந்த இரு கூட்டத்தார்

தென் பிரான்ஸிலே கிராமப்புறத்தில் வாழ்ந்த ஜோன் ஹென்றி ஃபாபர் (1823-1915) என்ற ஆசிரியர், பூச்சிகளை அவதானிப்பதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். ஒரு நாள் காலை, மயில் அந்து என்னும் பெரிய இனத்தின் பெண் ஒன்று அவரது வீட்டில் கூட்டிலிருந்து வெளிவந்தது. அதைக் கம்பி வலையால் மூடி வைத்தார். அன்றிரவு எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில், அவ்வினத்தின் ஆண்கள் ஏறத்தாழ நாற்பது, திறந்த யன்னல்களின் வழியே வீட்டுக்குள் வந்து குவிந்தன. அப்பிரதேசத்தில் அரிதாகக் காணப்பட்ட பூச்சி அது. எங்கிருந்து வந்தன, எப்படி அறிந்தன என்று அவர் வியந்து போனார்.

பிறகொரு காலத்தில் வேறொரு வகை அந்துப்பூச்சியின் பெண்ணை அவர் அதேபோல வைத்திருந்தார். அதற்கும் ஆண்கள் கூட்டமாக வந்தன. ஆனால் இரவில் அல்ல; வெயில் காயும் பிற்பகலில். வீடும் அதே வீடு. மூடியும் அதே போன்ற வலைமூடி. வேளை மாத்திரம் வேறு. ஒவ்வோர் இனமும் தனக்கு விதிக்கப்பட்ட வேளையிலேயே வாசலுக்கு வந்தது.

அந்த ஆண்களை அழைத்தது என்ன என்பது 1959 ஆம் ஆண்டில் தெளிவாகியது. ஜேர்மனிய இரசாயன விஞ்ஞானி அடொல்ஃப் புட்டெனான்ட், இருபது ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ ஐந்து இலட்சம் பெண் பட்டுப்பூச்சிகளிலிருந்து மிகச் சிறிதளவு பொருளொன்றைப் பிரித்தெடுத்தார். அதற்கு பொம்பிகோல் என்று பெயரிட்டார். பெண் பூச்சி தன் உடலிலிருந்து காற்றில் விடும் வாசனைச் செய்தி அது. எமது மூக்குக்கு அது தெரியாது. ஆண் பட்டுப்பூச்சியின் சீப்புப் போன்ற உணர்கொம்புக்கோ அதன் சில துளிக்கூறுகளே போதும்.

இந்த வாசனையைப் பெண் அந்துக்கள் எந்நேரமும் வீசிக்கொண்டிருப்பதில்லை. இரவில் (சில இனங்களில் பகலில்) குறித்த சில மணித்தியாலங்களுக்கு மாத்திரம் வயிற்றின் நுனியை நீட்டி அதை வெளியிடும். பிறகு உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆணின் பக்கத்திலும் ஓர் ஒழுங்கு உண்டு. சில அந்துப்பூச்சிகளின் உணர்கொம்பிலேயே ஒரு கடிகாரம் இயங்குகிறது; வாசனையை உணரும் ஆற்றல் நாளின் வேளைக்கேற்பக் கூடிக் குறைகிறது. அழைப்பவருக்கும் ஒரு மணி. கேட்பவருக்கும் அதே மணி!

ஒரே வாசனை, மூன்று வேளைகள்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் கலோசாமியா என்ற பெரிய அந்துப்பூச்சிகளில் மூன்று இனங்கள் உள்ளன. மூன்றும் நெருங்கிய உறவினர். ஓர் இனத்தின் பெண் விடும் வாசனை மற்ற இனத்தின் ஆணையும் இழுக்கும். ஆய்வாளர் தம் கையாலே இரண்டு இனங்களை ஒன்று சேர்த்தால் கலப்புக் குஞ்சுகள் பிறப்பதும் உண்டு. அப்படியிருந்தும் அவை கலந்து போகாமல் தனித்தனி இனங்களாக வாழ்கின்றன. எப்படி?

வேளைதான் வேலி. ஓர் இனம் முற்பகல் தொடக்கம் பிற்பகல் வரை துணை தேடுகிறது. அது ஓய்ந்த பின், பிற்பகல் தொடக்கம் சூரியன் மறையும் வரை இரண்டாவது இனத்தின் முறை. இருட்டிய பின் மூன்றாவது இனம் புறப்படுகிறது. ஒரே பாதையில் மூன்று பஸ்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஓடுவதைப் போன்றது இது.

அவுஸ்திரேலியாவின் கிழக்குக் கரையில் பழ ஈக்கள் இரண்டு இனங்கள் இதே விதமாக வாழ்கின்றன. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒரே பழங்களில் முட்டையிடுபவை. ஓர் இனம் நடுப்பகலில் இணை சேர்கிறது. மற்றது அந்தி மங்கும் சிறு பொழுதில். சூரியன் எழுதிய எல்லையை இரண்டும் பெரும்பாலும் மீறுவதில்லை.

மூளையை மாற்றிவைத்த பரிசோதனை

பூச்சி வெளிச்சத்தைக் கண்டதும் எழும்புகிறது, இருளைக் கண்டதும் புறப்படுகிறது, அவ்வளவுதான் என்று எண்ணத் தோன்றும். விடயம் அவ்வளவு இலகுவானதல்ல. அந்துப்பூச்சிகளை ஆய்வுகூடத்திலே முழு இருளில் வைத்தாலும், நாளொன்றுக்கு ஒரு தடவை, ஏறத்தாழ 24 மணித்தியாலத்துக்கு ஒரு முறை, பெண் தன் வாசனையை விடுகிறது. விளக்கை எரித்து அணைக்கும் நேரத்தை மாற்றினால், சில நாட்களில் புதிய நேரத்துக்குப் பழகிக்கொள்கிறது. எனவே கடிகாரம் உடலுக்குள்ளே இருக்கிறது. வெளியிலுள்ள ஒளி அக்கடிகாரத்தின் முள்ளைத் தினமும் சரிசெய்கிறது.

அக்கடிகாரம் உடலில் எங்கே இருக்கிறது? 1970 ஆம் ஆண்டு ஜேம்ஸ் ட்ரூமன், லின் ரிடிஃபோர்ட் என்னும் அமெரிக்க விஞ்ஞானிகள் வெளியிட்ட பரிசோதனை இதற்குப் பதில் தந்தது. இரண்டு வகைப் பட்டு அந்துக்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒன்று காலை வேளையில் கூட்டிலிருந்து வெளிவரும். மற்றது மாலைப் பக்கம் வெளிவரும். (இறக்கையோடு வெளிவருவதே துணை தேடலின் முதற்படி என்பதை நினைவிற் கொள்க.) கூட்டுப்புழுவின் மூளையை எடுத்துவிட்டபோது, அது ஒழுங்கு தவறி, நேரகாலமின்றி வெளிவந்தது. எடுத்த மூளையை அதே பூச்சியின் வயிற்றுப் பகுதியிலே வைத்தபோது, வேளை மீண்டும் சீரானது. கடைசியாக, ஓர் இனத்தின் மூளையை மற்ற இனத்தின் உடலில் வைத்தார்கள். மாலையில் வரவேண்டிய பூச்சி காலையில் வந்தது. காலையில் வரவேண்டியது மாலையில் வந்தது!

நரம்புத் தொடர்பு ஒன்றுமில்லாமல் வயிற்றிலே கிடந்த மூளை, தன் வேளையை மறக்கவில்லை. ஒளியைத் தானே உணர்ந்து, உரிய நேரத்தில் ஓர் ஓமோனை இரத்தத்தில் விட்டு, உடலுக்குக் கட்டளையிட்டது. கடுகுக்குச் சற்றுப் பெரிதான ஒரு பொருளுக்குள் எத்தனை பெரிய ஏற்பாடு! ஸுப்ஹானல்லாஹ்.

கடிகாரத்தின் பற்சக்கரங்கள்

வாழைப்பழம் கனிந்தால் வந்து மொய்க்கும் சிறு பழ ஈயை அறியாதவர் இல்லை. 1971 இல் அமெரிக்காவில் றொனல்ட் கொனொப்கா, சீமோர் பென்சர் ஆகிய இருவரும் இவ்வீயின் பரம்பரையலகு ஒன்றில் ஏற்படும் பழுது, அதன் நாளையே 19 மணித்தியாலமாகக் குறைத்தும், 28 மணித்தியாலமாக நீட்டியும், முற்றாக ஒழுங்கிழக்கவும் செய்வதைக் கண்டுபிடித்தனர். அந்தப் பரம்பரையலகின் தொழிற்பாட்டை விளக்கிய ஜெஃப்ரி ஹோல், மைக்கல் றொஸ்பாஷ், மைக்கல் யங் ஆகிய மூவருக்கும் 2017 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

அவர்கள் கண்டதைச் சுருக்கமாகச் சொல்லலாம். கலத்துக்குள்ளே குறிப்பிட்ட புரதங்கள் சிறிது சிறிதாகச் சேர்கின்றன. போதியளவு சேர்ந்ததும், தம்மை உண்டாக்கும் வேலையைத் தாமே நிறுத்திவிடுகின்றன. பிறகு அவை சிதைந்து குறைய, வேலை மறுபடி ஆரம்பிக்கிறது. தாங்கி நிரம்பியதும் மூடிக்கொண்டு, நீர் குறைந்ததும் திறந்துகொள்ளும் குழாயைப் போல இது நடக்கிறது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். காலை ஒளி பட்டதும் அப்புரதங்களில் ஒன்று விரைவாக அழிக்கப்படுகிறது. ஒளி கடிகாரத்தைச் சரிசெய்வது இவ்வாறுதான்.

ஜப்பானிய ஆய்வாளர் இருவர் 2001 இல் வெளியிட்ட ஆய்வொன்று, இவ்வீக்களின் இணை சேரும் வேளையையும் இதே கடிகாரப் பரம்பரையலகுகளே ஆளுகின்றன என்று காட்டியது. கடிகாரம் பழுதான ஈக்களுக்கு வேளையின் ஒழுங்கும் போய்விட்டது.

கமக்காரருக்கும் இது பயனுள்ள அறிவு. பாகற்காயையும் புடலங்காயையும் பழுதாக்கும் ஈயை ஜப்பானின் ஒக்கினாவாத் தீவுகளிலிருந்து 1993 இல் முற்றாக ஒழித்தார்கள். மலடாக்கிய ஆண் ஈக்களைக் கோடிக்கணக்கில் வளர்த்துப் பறக்கவிட்டு, காட்டுப் பெண் ஈக்களை அவற்றோடு சேரச் செய்ததே அதற்கு வழி. அங்கு ஒரு சிக்கல் கவனத்துக்கு வந்தது. விரைவாக வளரும் ஈக்களையே தெரிவு செய்து வளர்த்தால், அவற்றின் சந்ததி இணை சேரும் வேளையும் முந்திவிடுகிறது. காட்டுப் பெண் புறப்படும் முன்பே வளர்ப்பு ஆண் தேடி ஓய்ந்துவிட்டால், அத்தனை உழைப்பும் வீண். வேளை தவறினால் கோடியும் பயன்படாது.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்

எமது நாடு பூமத்திய ரேகைக்கு அண்மையில் இருப்பதால் அந்திப் பொழுது குறுகியது. மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையே சுமார் ஒன்றேகால் மணித்தியாலமே உண்டு. இந்தச் சிறு இடைவெளி பூச்சியுலகில் மிகப் பரபரப்பான சந்தை நேரமாகும்.

மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் இன நுளம்புகளைப் பாருங்கள். சூரியன் மறைந்து ஒளி மங்கும்போது, ஆண் நுளம்புகள் வெளியான ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்து மேலும் கீழுமாக ஆடிப் பறக்கின்றன. பெண் அக்கூட்டத்துள் நுழைந்து துணையோடு வெளியேறுகிறது. எல்லாம் அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஆண் நுளம்பு பெண்ணை அறிவது அதன் இறக்கையின் ஒலியைக் கொண்டு. இதற்காக ஆணின் உணர்கொம்பில் மெல்லிய மயிர்கள் உள்ளன. அனோபிலிஸ் ஆணில் அவை பகல் முழுவதும் படிந்து கிடந்து, அந்தியில் மாத்திரம் விறைத்து நிமிர்கின்றன. வேலை நேரத்தில் மட்டும் காதைத் திறந்து வைக்கும் ஏற்பாடு இது.

டெங்குவைப் பரப்பும் ஈடிஸ் நுளம்பின் நேரசூசி வேறு. அது பகல் நேரத்து நுளம்பு. சூரியன் உதித்த பின்னரும், மறைவதற்கு முன்னரும் அதன் சுறுசுறுப்பு அதிகம். அதன் ஆண்கள் மனிதர் இருக்கும் இடங்களைச் சுற்றிப் பறந்து, இரத்தம் தேடி வரும் பெண்ணை அங்கேயே சந்திக்கின்றன. இலங்கை 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தினால் அங்கீகரிக்கப்பட்டது. டெங்குவோ எம்மை விடவில்லை. இரவில் நுளம்பு வலைக்குள் உறங்குவது நல்லதே. ஆனால் ஈடிஸின் வேளை பகல் என்பதை மறந்து, பகலில் உறங்கும் குழந்தையை வலையின்றி விடுவது ஆபத்தானது. பூச்சியின் நேரசூசியை அறிவது வெறும் பொழுதுபோக்கல்ல என்பதற்கு இது ஒரு சான்று.

அந்திப் பொழுதின் அழகான விருந்தாளி மின்மினி. அது ஈயுமல்ல, அந்துவுமல்ல, வண்டினத்தைச் சேர்ந்தது. உலகில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மின்மினி இனங்கள் உள்ளன. பல இனங்களில் ஆண் பறந்துகொண்டே தன் இனத்துக்குரிய தாளத்தில் ஒளியைச் சிமிட்டும். பெண் புல்லிலிருந்து பதில் சிமிட்டும். அமெரிக்காவில் பரவலாகக் காணப்படும் ஓரினத்தில் ஆண் ஏறத்தாழ ஆறு விநாடிக்கு ஒரு முறை சிமிட்டும். பெண் இரண்டு விநாடி பொறுத்துப் பதில் சொல்லும். அந்த இரண்டு விநாடித் தாமதமே, "நான் உன் இனத்தவள்" என்ற அடையாளம்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அமெரிக்க மின்மினிகளை ஆராய்ந்த விஞ்ஞானிகள் 1980 இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். நன்கு இருட்டிய பின் பறக்கும் இனங்களின் ஒளி பெரும்பாலும் பச்சை நிறமாகவும், அந்தியிலேயே புறப்படும் இனங்களின் ஒளி பெரும்பாலும் மஞ்சள் நிறமாகவும் இருந்தது. அந்தியில் இலைகளில் பட்டுத் தெறிக்கும் பச்சை ஒளி இன்னும் மீதமிருக்கும். அந்தப் பின்னணியில் பச்சை விளக்கு எடுபடாது. மஞ்சள் தெளிவாகத் தெரியும். புறப்படும் வேளைக்கேற்ப விளக்கின் நிறமும் அமைந்திருக்கிறது!

பிறை பார்க்கும் பூச்சி

சூரியனைக் கொண்டு நாளைக் கணிப்பது போல, சந்திரனைக் கொண்டு மாதத்தைக் கணிக்கும் பூச்சியும் உண்டு. ஐரோப்பாவின் அத்திலாந்திக் கரையோரப் பாறைகளில் குளூனியோ என்ற சிறு பூச்சி வாழ்கிறது. அதன் புழுக்கள் கடல் நீருக்கடியில் வளர்கின்றன. அவை வாழும் பாறைகள் நீருக்கு வெளியே தெரிவது, பெருவற்று ஏற்படும் நாட்களில் மாத்திரம். அதாவது அமாவாசையையும் பூரணையையும் ஒட்டிய சில நாட்களில். இறக்கையோடு வெளிவந்த பின் இப்பூச்சியின் ஆயுள் சில மணித்தியாலங்களே. அதற்குள் துணையைக் கண்டு, முட்டையிட்டு, மடிந்துவிட வேண்டும். நாள் தவறினாலும் மணி தவறினாலும் பாறை நீருக்குள்ளே இருக்கும்.

ஜேர்மனிய விஞ்ஞானி டீற்றிச் நொய்மன், 1960 களில் இவற்றை ஆய்வுகூடத்தில் வளர்த்தார். அங்கே கடலும் இல்லை, அலையும் இல்லை. மாதத்தில் சில இரவுகள் மாத்திரம் நிலவு போன்ற மங்கலான ஒளியைக் காட்டினார். பூச்சிகள் அதைக் கொண்டே மாதத்தைக் கணித்து, ஒழுங்காக வெளிவந்தன. சூரியனும் சந்திரனும் காலத்தைக் கணக்கிடுவதற்கான அத்தாட்சிகள் என்று அல்குர்ஆன் எமக்குக் கற்பிக்கிறது. ரமழான் பிறைக்காகக் கடற்கரையில் கூடி நிற்கும் நாம், பாறை இடுக்கிலே தன் பிறையைக் கணித்திருக்கும் இந்தச் சிற்றுயிரையும் ஒரு கணம் நினைத்துப் பார்க்கலாம்.

முடியாத பகல்

இத்தனை காலமும் இரவென்றால் இருள். இருளுக்குள் நிலவும் நட்சத்திரமும் மாத்திரம். பூச்சியின் கடிகாரம் அந்த உலகத்துக்காக வகுக்கப்பட்டது. இன்று எமது ஊர்களில் இரவு முழுவதும் வெள்ளொளி. மதில் மேலே விளக்கு, கேற்றிலே விளக்கு, கடை முகப்பிலே விளக்கு, வீதியிலே விளக்கு. குறைந்த மின்சாரத்தில் பிரகாசமாக எரியும் எல்.ஈ.டி. மின்குமிழ்கள் வந்த பின், அணைக்க வேண்டிய தேவையையே பலர் உணர்வதில்லை.

பூச்சியின் துணை தேடலை இது பல வழிகளில் குழப்புகிறது. முதலாவது, "இருட்டிவிட்டது, புறப்படு" என்ற அறிவிப்பே கிடைக்காமற் போகிறது. வெளிச்சத்தில் வைக்கப்பட்ட சில்லூறு இனமொன்றின் ஆண்கள், இரவிற் பாடும் ஒழுங்கை இழந்து பகலிலும் இரவிலும் வேளை தவறிப் பாடியதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

இரண்டாவது, அழைப்பே பலவீனமாகிறது. நெதர்லாந்தில் கோவா இலையைத் தின்னும் ஓர் அந்துப்பூச்சியை ஆராய்ந்தபோது, இரவில் ஒளிபட வளர்ந்த பெண்கள் குறைந்தளவு வாசனையையே உண்டாக்கின. அதே நாட்டில் இன்னோர் அந்தின் பெண்ணுக்கு இறக்கை கிடையாது. அது மரத்தின் அடியிலிருந்து ஏறிவந்து ஆணுக்காகக் காத்திருக்கும். இருளில் இருந்த மரங்களிற் பிடிபட்ட பெண்களில் ஏறத்தாழ பாதி துணை சேர்ந்திருந்தன. விளக்குப் பொருத்திய மரங்களில் அந்த விகிதம் வெகுவாகக் குறைந்திருந்தது. 2015 இல் வெளியான ஆய்வுகள் இவை.

மூன்றாவது, அழைப்பு தெரியாமற் போகிறது. மின்மினியின் சிறு ஒளி, பிரகாசமான மின்குமிழின் முன்னே என்னவாகும்? சந்தை இரைச்சலில் இரகசியம் பேசுவது போலத்தான். ஆண் சிமிட்டுகிறது; பெண்ணுக்குத் தெரியவில்லை. பெண் பதில் சொன்னாலும் ஆணுக்குத் தெரியவில்லை. உலகெங்குமுள்ள மின்மினி நிபுணர்களின் கருத்தைத் திரட்டி 2020 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, மின்மினிகள் குறைவதற்கு மூன்று பெரிய காரணங்களைச் சொன்னது: வாழிடம் அழிதல், இரவு வெளிச்சம், பூச்சிநாசினி.

நான்காவது, விளக்கே பொறியாகிறது. மழைக்குப் பின் வரும் ஈசலைப் பாருங்கள். அவை புற்றிலிருந்து ஒரே வேளையில் கிளம்புவது துணை தேடி, புதுக் குடும்பம் அமைக்கத்தான். அவை விளக்கைச் சுற்றிச் சுற்றி இறக்கை உதிர்ந்து விழ, நாம் கீழே தண்ணீர்ப் பாத்திரத்தை வைக்கிறோம். வீட்டில் கறையான் வராதிருக்க அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த விளக்கு கறையானை மட்டும் பொறுக்கி இழுப்பதில்லை. அந்தியில் பப்பாசிப் பூவுக்கு மகரந்தம் சுமக்கும் பெரிய அந்துக்களையும் அது இழுக்கிறது. நத்தைகளைத் தின்று தோட்டத்தைக் காக்கும் மின்மினிப் புழுக்களுக்கோ, தாய் தந்தையர் அந்த வெளிச்சத்தில் சந்திக்காவிட்டால் அடுத்த தலைமுறையே இல்லை.

எம்மால் முடிந்தது

வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. வயோதிபர் விழாமல் நடக்க, பெண்கள் அச்சமின்றி வீடு திரும்ப, பாம்பு தேளிலிருந்து தப்ப விளக்கு அவசியம். கேள்வி வேறு. யாருமே இல்லாத முற்றத்துக்கு, எல்லோரும் உறங்கிய பின், விடியும் வரை ஏன் விளக்கு?

உறங்கச் செல்லும்போது விளக்குகளை அணைத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவியதை ஹதீஸ் கிரந்தங்களில் காண்கிறோம். எலி திரியை இழுத்து வீட்டில் தீப்பற்ற வைத்துவிடும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அந்தக் காரணத்தை நாம் மாற்றிச் சொல்லக் கூடாது. ஆனால் வீட்டாருக்கு நன்மையாக அமைந்த அந்தப் பழக்கம், இன்று முற்றத்து உயிர்களுக்கும் நன்மையாக அமைகிறது. மின்கட்டணமும் குறைகிறது, வீண்விரயமும் தவிர்கிறது.

வெளி விளக்கை இஷாத் தொழுகைக்குப் பின், கடைசி ஆள் வீடு வந்ததும் அணைத்துவிடுங்கள். கட்டாயம் வேண்டுமென்றால், ஆள் நடமாட்டத்தைக் கண்டு தானே எரிந்து தானே அணையும் விளக்கைப் பொருத்துங்கள். விளக்குக்கு மேலே மறைப்பு வைத்து, ஒளி நிலத்தில் மட்டும் படச் செய்யுங்கள். மரத்தையும் வானத்தையும் நோக்கி அதைத் திருப்பாதீர்கள். வெள்ளை, நீல ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாகவே வரும். ஆயினும் மின்மினிக்கு மஞ்சளும் இடைஞ்சலே. அதற்கு இருளே வேண்டும். வளவின் ஒரு மூலையிலாவது உதிர்ந்த இலைகளைக் கூட்டி எரிக்காமல், ஈரமாக விட்டுவையுங்கள். மின்மினியின் புழு வளர்வது அங்கேதான்.

பள்ளிவாசல் பரிபாலன சபையினரும் இதைக் கவனத்திற் கொள்ளலாம். தொழுகைக்கு மக்கள் வந்து போகும் நேரத்தில் விளக்குகள் எரியட்டும். இஷா முடிந்து வாயில் மூடப்பட்ட பின், மினாராவையும் சுற்றுமதிலையும் சுபஹ் வரை ஒளியில் குளிப்பாட்டுவதால் யாருக்கு என்ன பயன்?

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். நிலவில்லாத ஓரிரவில், வெளி விளக்குகளை அணைத்துவிட்டு, பிள்ளைகளோடு முற்றத்தில் அமருங்கள். மஃரிபுக்குப் பின் எத்தனையாவது நிமிடத்தில் முதலாவது மின்மினி தெரிகிறது, எவ்வளவு நேரம் பறக்கிறது, எத்தனை விநாடிக்கு ஒரு தடவை சிமிட்டுகிறது என்பவற்றைப் பிள்ளைகள் ஒரு கொப்பியில் எழுதட்டும். மறுநாள் விளக்கை எரியவிட்டு அதே கணக்கை எடுக்கட்டும். இரண்டு பக்கங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இங்கே எழுதியதைவிட அதிகமாக அவர்கள் விளங்கிக்கொள்வார்கள். அதன் பின் இரவில் அந்தச் சுவிட்சை அணைக்கும்படி அவர்களுக்கு நாம் சொல்ல வேண்டியிராது.